நாற்பது வருடமாக மனநோய்க்கு மாத்திரை சாப்பிடும் அத்தைக்கு இப்போது மறதி: பழைய நோயா, புதிதா?

ஆற்றங்கரைப் பெண் கேட்கிறார்:

வணக்கம். எங்களுக்கு முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். அப்பாவின் தங்கை எங்கள் வீட்டோடுதான் இருக்கிறார். இப்போது வயது 67. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அத்தை மாத்திரை சாப்பிடுகிறார்.

கல்யாணமான இரண்டாம் வருடம் நோய் வந்ததாம். சோற்றில் யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று சாப்பிட மறுப்பார், தனக்குத்தானே பேசுவார், ராத்திரி முழுக்க முற்றத்தில் நடப்பார். முதலில் கோடங்கியிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். அப்புறம் ஒரு தர்காவில் சில மாதம் வைத்திருந்து, கடைசியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மனச்சிதைவு நோய் என்று சொல்லி மருந்து ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அப்பாதான் பார்த்துக்கொண்டார்.

மாத்திரையோடு அத்தை நன்றாகவே இருந்தார். பீடி சுற்றித் தன் செலவுக்குத் தானே சம்பாதித்தார். பள்ளிக்கூடம் போனதே இல்லை. ஆனால் 25 பீடி எடுத்து ஒரு கட்டு கட்ட எண்ணவே மாட்டார், கை தானாக நிற்கும். போன தீபாவளிக்குப் பிறகு அது கெட்டுவிட்டது. ஒரு கட்டில் 20 இருக்கிறது, அடுத்ததில் 30 இருக்கிறது. சில இலையில் தூளே வைக்காமல் சுருட்டி நூலும் கட்டி வைத்திருக்கிறார். கடையில் கழித்துவிட்டார்கள்.

இன்னும் சில விஷயங்கள். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. சாயங்காலமானால் அம்மாவிடம், "அண்ணன் இன்னும் வரக் காணோமே மைனி, சோத்தை எடுத்து மூடி வச்சியளா?" என்று கேட்கிறார். தகரப் பெட்டியில் வைத்த ரூபாயைக் காணோம், யாரோ எடுத்துட்டாவ என்கிறார். தேடினால் சேலை மடிப்பிலேயே இருக்கும். வாய் எதையோ மென்றுகொண்டே இருக்கிறது. மூன்று நான்கு நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போகிறார். மாத்திரை வாங்க அப்பா தனியாகத்தான் சீட்டை எடுத்துக்கொண்டு போய் வருவார், இப்போது மருந்துக்கடையில் பழைய சீட்டைப் பார்த்தே கொடுத்துவிடுகிறார்கள். டாக்டர் அத்தையை நேரில் பார்த்துப் பல வருடம் இருக்கும்.

சித்தப்பா, "பழைய கோளாறு திரும்பிட்டு, மாத்திரையைக் கூட்டச் சொல்லுங்க" என்கிறார். அம்மா, "வயசாயிட்டுல்லா, மறதிதான்" என்கிறார். நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன், கோயில் கொடைக்கு வந்தபோதுதான் இதையெல்லாம் கவனித்தேன். யாரிடம் போவது, மனநல டாக்டரா, நரம்பு டாக்டரா? பழைய நோயா, வயதா, இல்லை இது வேறு ஏதாவதா?

கருப்பட்டிக் காப்பி:

எங்கள் ஆச்சிக்கும் இப்படித்தான் இருந்தது தங்கச்சி. கடைசி நாலைந்து வருடம் என்னையே யார் என்று கேட்பாள். வயதானால் வருவதுதான், ரொம்பக் கவலைப்படாதீர்கள். வல்லாரைக் கீரை வாரம் இரண்டு தடவை கொடுங்கள். மனநோய் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் சீக்கிரமாக வரும் போலிருக்கிறது. அம்மாவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாளை உளவியல் ஆசிரியை:

முதலில் ஒரு வேண்டுகோள். டாக்டர் அத்தையை நேரில் பார்க்கும்வரை மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

நான் மருத்துவ உளவியலாளர். மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. பேசிப் பார்த்து, சோதித்து, நினைவும் கவனமும் எங்கே நழுவுகிறது என்று கண்டுபிடிப்பதும், வீட்டாரோடு உட்கார்ந்து இனி எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யோசிப்பதும் என் வேலை. பாளையங்கோட்டையில் மாணவர்களுக்குப் பாடமும் நடத்துகிறேன். என் ஆராய்ச்சியே உங்கள் அத்தையைப் போன்றவர்களைப் பற்றியதுதான். இளம் வயதில் மனநோய் வந்து, அதோடு வாழ்ந்து, முதுமைக்கு வந்து சேர்ந்தவர்கள்.

இவர்களை யாரும் தங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. மனச்சிதைவைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் 60, 65 வயதோடு ஆள் சேர்ப்பதை நிறுத்திக்கொள்ளும். மறதி நோய் ஆய்வுகளோ, முன்பு மனநோய் இருந்தவர்களை ஆரம்பத்திலேயே விலக்கிவிடும். வீட்டிலும் இதே கதைதான். புதிதாக எது வந்தாலும் "அவளுக்குத்தான் ஏற்கனவே இருக்கே" என்ற ஒரு வார்த்தையில் முடிந்துவிடுகிறது. மலச்சிக்கலைச் சொன்னால்கூட யாரும் காது கொடுப்பதில்லை. எனக்கு இதில் கோபமே உண்டு. மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிட 15 முதல் 20 வருடம் முன்னதாக இறக்கிறார்கள் என்று பல நாடுகளில் கணக்கெடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் இதய நோய், சர்க்கரை மாதிரி கவனித்திருக்க வேண்டிய நோய்களால்தான் போகிறார்கள். அதையெல்லாம் தாண்டி 67 வரை வந்த பெண்ணை யாராவது ஒருவர் உட்கார வைத்து முழுசாகப் பார்க்க வேண்டாமா?

"மனநோய் இருந்தவர்களுக்கு மறதி சீக்கிரம் வரும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ஓரளவு உண்மைதான். டென்மார்க்கில் நாடு முழுவதுமுள்ள பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு 2015-ல் வந்தது. மனச்சிதைவு உள்ளவர்களுக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று அதில் இருக்கிறது. ஆனால் மனச்சிதைவு என்றாலே மூளை வருடா வருடம் தேய்ந்துகொண்டே போகும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னையில் மனச்சிதைவைப் பற்றி ஆராயும் ஸ்கார்ஃப் அமைப்பைச் சேர்ந்த டாக்டர் தாராவும் அவருடைய குழுவினரும், முதல்முறை நோய் வந்த 90 பேரை 1980-களின் தொடக்கத்திலிருந்து இருபது வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். அதில் நல்லபடியாகத் தேறி வாழ்ந்தவர்கள் நிறையப் பேர். உங்கள் அத்தையும் அப்படித் தேறி நின்றவர்தான். இத்தனை வருடம் நிலையாக இருந்தவர் ஒரு தீபாவளிக்குப் பிறகு சரிகிறார் என்றால், அதற்குப் பழைய நோயை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது பீடிக் கட்டுதான். தூள் இல்லாமல் சுருட்டி, நூலும் கட்டி வைத்திருக்கிறார் என்றால் சுருட்டுவதைக் கை மறக்கவில்லை. நடுவில் ஒரு படி விட்டுப்போனதைக் கவனிக்க முடியவில்லை. எண்ணிக்கை தவறுவதும் அதே கவனக் கோளாறுதான். கவனம் இப்படி அறுந்து போவதற்கு டிமென்ஷியா ஒரு காரணம். அது தவிர, சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. அவற்றைத்தான் முதலில் தேட வேண்டும்.

முதல் சந்தேகம் மாத்திரைப் பெட்டி மேல். பழைய சீட்டில் டிரைஹெக்ஸிபெனிடில் என்று ஒரு பெயர் இருக்கிறதா பாருங்கள். பாசிடேன் என்ற பெயரிலும் வரும். சில சமயம் தனி மாத்திரையாக இல்லாமல் மனநோய் மருந்தோடு சேர்ந்தே ஒரே மாத்திரையாக இருக்கும். கை நடுக்கமும் உடல் இறுக்கமும் வராமல் இருக்கக் கொடுப்பது இது. முப்பது வயதில் பெரிய தொந்தரவு தராது. வயதான பிறகு இதே மருந்து நினைவை மங்க வைக்கும், குழப்பம் உண்டாக்கும், வாய் உலரும், சிறுநீர் தடைப்படும், மலச்சிக்கல் வரும். நீங்கள் வெளிக்குப் போவதைப் பற்றி எழுதியிருந்ததால்தான் கேட்கிறேன். ஒருவருக்கு இன்னும் இது தேவையா என்பதை டாக்டர் அவ்வப்போது திரும்பப் பார்க்க வேண்டும். சீட்டு மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் வீடுகளில் அதற்கு வழியே இல்லை. திடீரென்று நிறுத்தினாலும் வேறு தொந்தரவு வரும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்கள்.

வாய் மெல்லுவது பல வருடம் மனநோய் மருந்து சாப்பிட்டவர்களுக்கு வரும் அசைவாக இருக்கலாம். வயதானவர்களுக்கு இது வரும் வாய்ப்பு இளையவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இந்த அசைவை டிரைஹெக்ஸிபெனிடில் குறைக்காது, சிலருக்கு அதிகமாக்கவும் செய்யும். பல் விழுந்து கட்டாமல் விட்டாலும் சிலர் இப்படி மெல்வார்கள். எது என்று டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. தைராய்டு, பி12, சோடியம், சர்க்கரை, ரத்த அளவு, சிறுநீரகம். சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் சில சமயம் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் வரும். அந்தக் குழப்பம் இரண்டொரு நாளில் மளமளவென்று வரும், காலையில் தெளிவாக இருந்து ராத்திரியில் மோசமாகும். அப்படி வந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

துக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. நாற்பது வருடம் பார்த்துக்கொண்ட அண்ணன் போய்விட்டார். மனநோய் உள்ளவர்கள் அழவில்லை என்றால் "அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று விட்டுவிடுவார்கள். முதுமையில் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராது. சாப்பாடு குறையும், உடம்பு வலிக்கும், எதைக் கேட்டாலும் "தெரியல" என்று பதில் வரும். பார்ப்பவர்கள் மறதி என்று நினைத்துக்கொள்வார்கள்.

இனி அந்தத் தகரப் பெட்டி. அத்தையின் பழைய சந்தேகமும் இப்போதைய சந்தேகமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். பழையது, யாரோ திட்டம் போட்டு மருந்து வைக்கிறார்கள் என்ற பெரிய கதை. இப்போதையதில் அப்படிக் கதை இல்லை. வைத்த இடம் மறந்துபோகிறது, அந்த இடத்தில் திருடன் வந்து உட்கார்ந்துகொள்கிறான். மறதி நோயில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் சந்தேகம் இது. அதற்காக டிமென்ஷியாதான் என்று இங்கே உட்கார்ந்து நான் முடிவு கட்டவில்லை. ஆனால் மறதிக்கு முன்னால் சந்தேகம் தெரிய வருவது புதிதல்ல. டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர் நோய்க்குப் பெயர் தந்த டாக்டர் அலாய்ஸ் அல்சைமர், 1901-ல் பிராங்ஃபர்ட்டில் பார்த்த அந்த முதல் நோயாளி அகஸ்தே, 51 வயதுப் பெண். வீட்டார் முதலில் கவனித்தது கணவர் மேல் அவருக்கு வந்த சந்தேகத்தைத்தான்.

யாரிடம் போவது என்று கேட்டீர்கள். மனநல மருத்துவரிடமே தொடங்குங்கள். பழைய மருந்தைத் திருத்தக்கூடியவர் அவர்தான், நரம்பு மருத்துவர் தேவை என்றால் அவரே அனுப்புவார். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிக்கே வருவார், உங்கள் பக்கம் எந்த நாள் என்று விசாரியுங்கள். இல்லையென்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி இருக்கிறது, அங்கே எல்லாத் துறையும் ஒரே வளாகத்தில் இருப்பதால் அலைச்சல் குறையும்.

போகும் முன் இரண்டு விஷயம் சொல்லுங்கள். அத்தைக்குக் காது, கண் எப்படி? நோய் மோசமாக இருந்த காலத்தில் அவர் பீடி எப்படிச் சுற்றினார், அம்மாவுக்கு நினைவிருக்கிறதா?

சங்கரன்கோவில் தம்பி:

ஆசிரியை அம்மா சொன்ன அந்த நடுக்க மாத்திரை விஷயம் எங்கள் வீட்டில் நடந்தது. அண்ணனுக்கு 70 வயது, இதே நோய். பல வருடமாகக் காலை, ராத்திரி இரண்டு வேளையும் அந்த மாத்திரை. போன வருடம் புதிதாக வந்த டாக்டர் சீட்டைப் பார்த்ததும் "இதை யார் இன்னும் கொடுக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் படிப்படியாகக் குறைத்தார். இரண்டு மூன்று மாதத்தில் அண்ணன் பேச்சில் தெளிவு வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாகப் போய்ப் பேப்பர் வாங்கி வருகிறார். கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது, டம்ளரில் பாதிதான் ஊற்றிக் கொடுக்கிறோம். எல்லாம் திரும்பி வரவில்லை, பேரப்பிள்ளைகள் பெயர் இன்னும் மாறிப்போகிறது. ஆனாலும் அண்ணன் எங்களுக்குக் கொஞ்சம் திரும்பக் கிடைத்த மாதிரிதான்.

அடையாள அட்டையும் எடுத்துவிடுங்கள். 2016 சட்டத்தில் மனநோய்க்கும் மாற்றுத்திறனாளி சான்று உண்டு, சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதம் வேண்டும். எங்களுக்கு எடுத்துக் கொடுக்க அப்போது யாரும் சொல்லவில்லை.

எம்.எஸ்சி. இறுதி ஆண்டு:

அம்மா, நான் உளவியல் படிக்கிறேன், ஊர் சேரன்மகாதேவி. முதியோர் மனநலத்தில் வேலை செய்ய ஆசை. இந்தத் திரியைப் படித்ததும் கேட்கத் தோன்றியது. பள்ளிக்கூடமே போகாத ஒருவரை நினைவுச் சோதனை எப்படிச் செய்வது? எங்கள் பாடத்தில் எம்.எம்.எஸ்.இ. என்ற சோதனை மட்டும்தான் இருக்கிறது. அப்புறம், உங்கள் மாணவர்களுக்கு முதலில் என்ன சொல்லிக் கொடுப்பீர்கள்?

பாளை உளவியல் ஆசிரியை:

நல்ல கேள்வி, இதற்கு நான் நிறையவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம்.எம்.எஸ்.இ. 1975-ல் அமெரிக்காவில் வந்தது. ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும், ஒன்றின் மேல் ஒன்று விழுந்த இரண்டு ஐங்கோணத்தைப் பார்த்து வரையச் சொல்லும், எழுத்துகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லும். பென்சிலே பிடிக்காத பெண்ணுக்கு இதில் நிறைய மதிப்பெண் உட்காரும் முன்னாலேயே போய்விடும். இதை உணர்ந்து ஹரியானாவில் பல்லப்கர் கிராமங்களில் எழுதப்படிக்கத் தெரியாத முதியவர்களுக்கென்று இந்தியில் ஒரு வடிவத்தை உருவாக்கினார்கள், 1995-ல் வெளிவந்தது. நம் நாட்டில் முதியோரின் டிமென்ஷியா பற்றிப் பெரிய அளவில் நடந்த லாசி-டேட் ஆய்விலும் அந்த வடிவத்தைப் பயன்படுத்தினார்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், கிட்டத்தட்ட 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்று வந்த கணக்கு அதிலிருந்துதான். ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்திலும், படிப்பு இல்லாதவர்களுக்கும் அதிகம் என்றும் அது சொல்கிறது. இந்த மூன்றும் சேர்ந்த இடம்தான் முக்கூடல் அத்தை உட்கார்ந்து பீடி சுற்றும் திண்ணை.

சோதனைத் தாளில் "இது என்ன பருவம்?" என்று ஒரு கேள்வி உண்டு. ஜூலை மாதம் தென்காசிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் "சாரல்" என்றார். மாணவர் தவறு என்று போட்டுவிட்டு வந்தார். தாளில் கோடை, மழை, குளிர் என்றுதான் இருந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழும் மாதத்தில் அதைவிடச் சரியான பதில் எது?

இன்னொரு மாணவி ஐங்கோணத்துக்குப் பதிலாகக் கோலம் போடச் சொன்னார். பாட்டி பிசகில்லாமல் போட்டுவிட்டார். மாணவிக்கு ஒரே சந்தோஷம், முழு மதிப்பெண் கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுக்கக் கூடாது. அறுபது வருடமாக வாசலில் போட்டுப் பழகிய கோலம் வேறு, புதிதாக ஒன்றைப் பார்த்து வரைவது வேறு. பாட்டிக்குக் கையும் கண்ணும் நன்றாக இருக்கிறது என்றுதான் அந்தக் கோலம் காட்டியது. நம் ஊர்ப் பொருளைக் கொண்டுவந்துவிட்டாலே சோதனை நியாயமாகிவிடாது. அந்தப் பொருள் எதை அளக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

எண்ணுக்கு மேல் நான் நம்புவது கூட இருப்பவர்களின் கண்ணை. பத்து வருடம் முன்பு இவர் எப்படி இருந்தார், இப்போது எதில் மாறியிருக்கிறார் என்று வீட்டாரிடம் கேட்கும் முறைப்படியான கேள்வித்தாள்களே உண்டு. படிப்பு இல்லாதவருக்கும், நெடுநாள் மனநோய் உள்ளவருக்கும் ஊர் சராசரி பொருந்தாது. அவருக்கு அவரே அளவு. ஆற்றங்கரைப் பெண் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். 25 பீடிக்குத் தானாக நின்ற கை இப்போது நிற்கவில்லை, தீபாவளிக்குப் பிறகு. எந்தச் சோதனைத் தாளும் இவ்வளவு துல்லியமாக எனக்குச் சொல்லியிருக்காது.

மாணவர்களுக்கு ஆரம்பத்தில் தாளைக் கையிலேயே கொடுப்பதில்லை. ஒரு முதியவரோடு காலையிலிருந்து மதியம் வரை இருந்துவிட்டு வந்து, பார்த்ததைச் சொல்ல வேண்டும். முதல் தடவை எல்லாரும் "80 வயது மூதாட்டி, நன்றாக ஒத்துழைத்தார்" என்று எழுதி வருவார்கள். திரும்ப அனுப்புவேன். அப்படிப் போய் வந்த ஒரு பையன் எழுதியது இன்றும் எனக்குப் பாடம். பாட்டி குழம்பில் உப்பு போட்டார், பிள்ளையிடம் ஏதோ பேசினார், மறுபடி உப்பு போட்டார். கொதித்ததும் கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, முகம் சுளித்து, புளிக்கரைசலும் தண்ணீரும் சேர்த்துச் சரிசெய்தார். உப்பு போட்டது மறந்துபோயிற்று. ஆனால் தப்பு என்று தெரிகிறது, அதைத் திருத்தவும் தெரிகிறது. இந்தப் பாட்டியை அடுப்படியிலிருந்து வெளியே உட்கார வைக்கச் சொல்லக் கூடாது, பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும் என்று வீட்டாரிடம் சொன்னோம்.

இன்னொன்றிலும் கண்டிப்பாக இருப்பேன். ஆய்வுக்கோ சோதனைக்கோ சம்மதம் கேட்கும்போது முதலில் அவரைத்தான் கேட்க வேண்டும், அப்புறம்தான் மகனை. மனநோய் உள்ளவர் என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. "எனக்கு வேண்டாம்" என்று ஒரு பாட்டி சொன்னால் தாளை மடித்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

படிப்பு விஷயம்: எம்.எஸ்சி. மட்டும் போதாது. இந்திய மறுவாழ்வுக் கழகம், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த இடத்தில் ஆஸ்பத்திரிப் பயிற்சியோடு படித்துப் பதிவு பெற வேண்டும். சேரும் முன் அந்தக் கல்லூரி அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், விளம்பரத்தை நம்பாதீர்கள். வாருங்கள், இந்தத் துறைக்கு ஆள் வேண்டும்.

ஆற்றங்கரைப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் கேட்டேன். நோய் முற்றியிருந்த காலத்தில் அத்தை பீடிக்கே உட்கார மாட்டாராம், சுளகைத் தள்ளிவிட்டுவிடுவாராம். ஆனால் உட்கார்ந்த நாளில் ஒரு கட்டுகூடக் கழிபடவில்லை என்கிறார். காது கொஞ்ச நாளாகவே மந்தம், டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறார். ஒரு கண்ணில் புரை. சீட்டில் நீங்கள் சொன்ன டிரைஹெக்ஸிபெனிடில் இருக்கிறது, ஒரு நாளைக்கு இரண்டு வேளை.

இரண்டு சிக்கல். ஆஸ்பத்திரி என்றாலே அத்தை நடுங்குகிறார், பழைய காலத்தில் கட்டிவைத்துத் தூக்கிப்போன நினைவு. அப்புறம், அப்பாவைக் கேட்கும்போது என்ன சொல்வது? அம்மா முதலில் "அவுக இறந்துட்டாகல்லா" என்று உண்மையைச் சொன்னார். அத்தை அப்போதுதான் கேள்விப்பட்ட மாதிரி அழுதுவிட்டார். மறுநாளும் அதே கேள்வி, அதே அழுகை. இப்போது அம்மா பதிலே சொல்வதில்லை.

பாளை உளவியல் ஆசிரியை:

அம்மா சொன்னது மிகவும் உதவும். அதை அப்படியே ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். நோய் முற்றிய காலத்தில்கூட கெடாத எண்ணிக்கை இப்போது கெடுகிறது என்பதை அவர் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிப் பயத்துக்கு: ஏமாற்றிக் கூட்டிப் போக வேண்டாம். கோயிலுக்கு என்று சொல்லி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினால் அடுத்த முறை வீட்டை விட்டே நகர மாட்டார். கண்ணில் புரை இருக்கிறது, காது மந்தம், இரண்டும் உண்மை. "கண்ணைக் காட்டிட்டு வருவோம் அத்தை, மாத்திரை எழுதுற டாக்டரையும் பார்த்துட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவோம்" என்று சொல்லுங்கள். சாயங்காலம் வீடு திரும்புவோம் என்பதை முதல் நாளும் சொல்லுங்கள், பஸ்ஸில் ஏறும்போதும் சொல்லுங்கள். கட்டிவைத்த கதையை டாக்டரிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். 2001-ல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் செத்த பிறகுதான் இந்த மாநிலமே இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. அதற்கு முந்தைய காலத்தில் நோய்ப்பட்டவர் உங்கள் அத்தை. அந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது.

காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடச் சொல்லுங்கள். காது கேட்காமல் நினைவுச் சோதனை செய்தால், கேள்வி விழாததையே மறதி என்று எழுதிவிடுவார்கள். கேட்காத காது சந்தேகத்தையும் வளர்க்கும். இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசினால் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றும்.

அண்ணனைக் கேட்கும்போது: தினமும் சாவுச் செய்தி சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் இருப்பதும் கூடாது, அது அவரை இன்னும் தேட வைக்கும். அவர் கேட்பது தகவலை இல்லை, அண்ணனை. "அண்ணனைத் தேடுதா? அவுகளுக்கு என்ன குழம்புன்னா உசிரு?" என்று அம்மா கேட்கட்டும். சொதி என்பார், அவியல் என்பார், பேச்சு அண்ணன் மேலேயே போகும், சோற்றை மூடி வைத்த கவலை கொஞ்சம் தணியும். அவராகவே "அண்ணன் செத்துட்டாவளா?" என்று நேராகக் கேட்டால் மறைக்க வேண்டாம். ஆமாம் என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். அந்தி சாயும் நேரத்தில்தான் இந்தத் தேட்டம் கூடும், அதற்கு முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள்.

பீடியை நிறுத்திவிடாதீர்கள். கடைக்குப் போகும் கணக்கில் சேர்க்காமல், கொஞ்சம் இலையும் தூளும் கையில் இருக்கட்டும். ரூபாய் காணாமல் போனால் "யாரும் எடுக்கல" என்று வாதாட வேண்டாம், கூடச் சேர்ந்து தேடுங்கள்.

அம்மாவுக்கும் வயதாகிறது. கணவர் போன துக்கம் அவருக்கும் உண்டு, அதற்கு மேல் அத்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சித்தப்பா யோசனை மட்டும் சொல்லாமல் வாரத்தில் ஓரிரு சாயங்காலம் வந்து அத்தையோடு உட்காரட்டும், நீங்களே அவரிடம் பேசுங்கள். அவசரத்துக்கு யாரோடாவது பேச வேண்டுமென்றால் டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழில் பேசலாம். முதியோர் உதவிக்கு 14567.

கிளம்பும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், தலைவலி மாத்திரை, நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பழைய சீட்டு எதையும் தூக்கிப்போட வேண்டாம். சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள், அதனால் கையில் இட்லி கட்டிக்கொண்டு போங்கள், எடுத்ததும் சாப்பிட வையுங்கள். டாக்டர் டிரைஹெக்ஸிபெனிடிலைக் குறைத்தால் எந்த வாரம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள், அம்மா கையில் ஒன்று, சித்தப்பா கையில் ஒன்று. குறைக்கும் வாரங்களில் கை நடுக்கம், தூக்கம், வெளிக்குப் போவது, பீடி எண்ணிக்கை, இந்த நான்கையும் நாட்காட்டித் தாளில் அன்றன்றே குறித்து வையுங்கள். போய் வந்து இங்கே எழுதுங்கள், டாக்டர் பெயரும் ஆஸ்பத்திரி பெயரும் போட வேண்டாம்.